துறைக்குள் அடங்காத விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது

மதிப்பிற்குரிய முனைவர் பட்ட ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும், பல்கலைக்கழக ஆசிரியர் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

1999-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் ஒரு கணிதவியலாளருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுத்தது. அவர் பெயர் பெனுவா மாண்டல்பிராட். வயது 75-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு பகுதியைப் பெரிதாக்கினாலும் முழுமையின் சாயலே தெரியும் கரடுமுரடான வடிவங்களை ஆராய, ஃபிராக்டல் வடிவியல் என்று ஒரு புதிய கணிதத்தையே உருவாக்கி, அதற்காக 1993-ல் இயற்பியலுக்கான உல்ஃப் பரிசையும் வாங்கிய பிறகுதான் அந்த நாற்காலி அவருக்கு வந்தது. அதற்கு முன் 35 வருடம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஐபிஎம் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம்.

ஒரு மாணவரின் ஆய்வுச் சுருக்கம் உங்கள் முன்னால் வந்ததும் முதலில் எழும் கேள்வி, "இது எந்தத் துறை?" என்பது. மாண்டல்பிராட்டால் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்ல முடிந்ததில்லை. அவர் நடந்த வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க உங்களுக்கும் தோன்றும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி, இலை நரம்புகள் கிளை பிரியும் விதத்தை ஸ்கேன் செய்து, அவை எவ்வளவு நெருக்கமாகக் கிளை பிரிந்து இடத்தை நிரப்புகின்றன என்று காட்டும் ஃபிராக்டல் பரிமாணம் என்ற எண்ணைக் கணக்கிட்டு, வறட்சியில் வளர்ந்த செடிக்கும் நீர் பாய்ச்சிய செடிக்கும் அதில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டாள். தாவரவியல் பக்கம் போனால் "இது கணக்கு" என்றார்கள். கணக்குப் பக்கம் வந்தால் "இதில் தேற்றம் எங்கே?" என்றார்கள். கடைசியில் யாரும் ஆட்சேபிக்காத ஒரு தலைப்பில் பதிவு செய்துகொண்டாள். யாரும் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் விதிப்படிதான் நடந்தது. எனக்கு வருத்தமே அதுதான்.

சரி, மாண்டல்பிராட்டுக்கு வருவோம். 1924 நவம்பர் 20-ல் வார்சாவில், லித்துவேனிய வேர்கள் உள்ள யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1936-ல் குடும்பம் பாரிஸுக்குப் பெயர்ந்தது. அங்கே அவருடைய சித்தப்பா சோலெம் ஏற்கெனவே பெயர் வாங்கிய கணிதவியலாளர். போர் வந்ததும் குடும்பம் துல் என்ற சிறு ஊருக்கு ஒதுங்கியது. பையனின் படிப்பு துண்டுதுண்டாகப் போனது. 1944-ல் லியோன் நகரில், உயர்கல்வி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வுக்குத் தயார் செய்யும் வகுப்பில் சில மாதங்கள் உட்கார்ந்தார். அங்கேதான் தன்னிடம் இருந்த திறமை அவருக்கே தெரிந்தது. ஆசிரியர் பலகையில் இயற்கணிதமாக எழுதும் கணக்கு இவர் கண்ணுக்கு ஒரு வடிவமாகத் தெரியும். மற்றவர்கள் வரிவரியாகக் கணக்குப் போட்டு அடைகிற விடையை, அந்த வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அந்தத் திறமைக்கு அன்றைய பாரிஸில் மதிப்பில்லை. புர்பாக்கி என்ற கூட்டுப்பெயரில் இயங்கிய இளம் கணிதவியலாளர்கள் கணிதம் முழுவதையும் கறாரான தர்க்க வரிசையில் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். படத்தை நம்பிப் பேசுவது அவர்களுக்குப் பிடிக்காது. சோலெம் சித்தப்பாவே அந்தக் குழுவின் தொடக்க கால உறுப்பினர். பெனுவா பிரான்ஸின் மிக உயர்ந்த கல்லூரியான எக்கோல் நார்மாலில் இடம் கிடைத்துச் சேர்ந்தார். ஓரிரு நாளில் வெளியே வந்து எக்கோல் பாலிடெக்னிக்குக்கு மாறிவிட்டார். சித்தப்பாவுக்கு அது பெரிய வருத்தம்.

1952-ல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஒரு பகுதி சொற்களின் புள்ளியியல்: ஒரு மொழியில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்ற ஜிஃப் விதி. இன்னொரு பகுதி வெப்ப இயக்கவியல். ஜிஃப் விதி அவர் கைக்கு வந்ததே, மெட்ரோ ரயிலில் படிக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டபோது சித்தப்பா குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு புத்தக மதிப்புரை வழியாகத்தான். இப்படி ஓர் ஆய்வேடு இன்று உங்கள் முன் வந்தால் என்ன நடக்கும்? மொழியியல் பேராசிரியர் சமன்பாடுகளைப் பார்த்துவிட்டுக் கணிதத் துறையைக் கைகாட்டுவார். கணிதத் துறை இயற்பியலைக் கைகாட்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மாண்டல்பிராட் எடுத்துக்கொண்ட பொருள்களில் பெரும்பாலானவை, வேறு யாரோ எழுதி எந்தத் துறையும் கண்டுகொள்ளாமல் கிடந்தவை. ஜிஃப் ஹார்வர்டில் ஜெர்மன் மொழி ஆசிரியராக இருந்தவர். சொற்களை எண்ணினார் என்பதால் மொழியியலாளர்களுக்கும் புள்ளியியலாளர்களுக்கும் நடுவில் நின்றுபோனார். ஹெரால்ட் ஹர்ஸ்ட் எகிப்தில் அறுபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நீரியலாளர். நைல் நதியில் நல்ல ஆண்டுகளும் வறண்ட ஆண்டுகளும் தனித்தனியாகச் சிதறி வருவதில்லை, கூட்டமாக வருகின்றன என்று நூற்றாண்டுக் கணக்கான பதிவுகளை வைத்துக் காட்டினார். 1951-ல் அவர் வெளியிட்ட அந்த முடிவை அன்றைய புள்ளியியல் சூத்திரங்களால் விளக்க முடியவில்லை. மாண்டல்பிராட்டும் நீரியலாளர் ஜேம்ஸ் வாலிஸும் 1968-ல் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள்.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். போரை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் விமானத் துறை அமைச்சகத்தின் கீழ் போனதும் 1920-ல் வேலையை விட்டார். பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, எல்லையின் நீளத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று ஆராயப் போனார். எல்லை நீளங்களைத் தேடினால் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஸ்பெயின்–போர்ச்சுகல் எல்லை ஒரு கணக்கில் 987 கிலோமீட்டர், இன்னொன்றில் 1,214. நெதர்லாந்து–பெல்ஜியம் எல்லை ஒன்றில் 380, மற்றதில் 449. காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார்: அளவுகோலைச் சிறிதாக்கினால் எல்லை நீள்கிறது. அவர் 1953-ல் இறந்த பிறகு, 1961-ல், அதிகம் பேர் புரட்டாத ஓர் ஆண்டு மலரில் அந்தக் கட்டுரை வந்தது.

அதைத் தேடிப் படித்தவர் மாண்டல்பிராட். 1967-ல் சயின்ஸ் இதழில், பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார். நீங்களே ஒரு வரைபடத்தை எடுத்துக் கவராயத்தால் அளந்து பார்க்கலாம். அதன் கால்களை 100 கிலோமீட்டர் அளவுக்கு விரித்து நடத்தினால் சுமார் 2,800 கிலோமீட்டர் வரும். 50 ஆக்கினால் முன்பு தாண்டிப்போன குடாக்களுக்குள்ளும் கவராயம் நுழைய வேண்டியிருக்கும். சுமார் 3,400 ஆகிவிடும். இன்னும் சிறிதாக்கினால் இன்னும் வளரும். ஆகவே நீளம் எவ்வளவு என்று கேட்டுப் பயனில்லை, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கேட்கலாம் என்றார். வழவழப்பான தென்னாப்பிரிக்கக் கரைக்கு அந்த எண் 1.02. கிழிசலான பிரிட்டனின் மேற்குக் கரைக்குச் சுமார் 1.25. கோட்டுக்குப் பரிமாணம் ஒன்று, தளத்துக்கு இரண்டு; இது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு பரிமாணம். ஹவுஸ்டார்ஃப் என்பவர் 1918-லேயே அதற்கு வரையறை கொடுத்துவைத்திருந்தார். அதை வைத்து ஒரு கடற்கரையை அளக்கலாம் என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் உறைத்தது. புவியியலும் போர் ஆய்வும் தூய கணிதமும் ஒரே மேசைக்கு வந்ததால் நடந்தது அது.

லூயி பஷெலியே கதை உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 1900-ல் பாரிஸில் பங்குச் சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி ஆய்வேடு கொடுத்தார். தேர்வாளர்களில் ஒருவர் மாபெரும் கணிதவியலாளர் புவாங்கரே. அறிக்கையில் பாராட்டியே எழுதினார். ஆனால் நம் மாணவர்கள் வழக்கமாக எடுக்கும் பொருளிலிருந்து இது சற்று விலகியது என்று தொடக்கத்திலேயே குறிப்பிட்டார். கிடைத்தது உயர்ந்த தகுதிக் குறிப்பு இல்லை, அதற்கு ஒரு படி கீழே. பிற்பாடு 1926-ல் திஜோன் பல்கலைக்கழகத்தில் பஷெலியேவுக்கு நிரந்தரப் பதவி வர வேண்டிய நேரத்தில், அவருடைய கட்டுரையில் பிழை இருப்பதாக ஒருவர் பால் லெவி என்ற நிபுணரிடம் கருத்துக் கேட்டார். லெவி கட்டுரையை முழுதாகப் படிக்காமல் பிழைதான் என்றார். பதவி போனது. சில வருடங்கள் கழித்து லெவி உண்மையை உணர்ந்து மன்னிப்புக் கேட்டார். அதற்குள் பஷெலியேவுக்கு அறுபது வயது ஆகிவிட்டது.

இந்த லெவிதான் எக்கோல் பாலிடெக்னிக்கில் மாண்டல்பிராட்டுக்குப் பாடம் எடுத்தவர். பஷெலியே தொட்ட அதே சந்தை விலைகளை, லெவி உருவாக்கிய நிகழ்தகவுப் பரவல்களைக் கொண்டு அளந்தவர் மாண்டல்பிராட். ஒருவர் எழுதியதை மற்றவர் சரியாகப் படிக்காததால் நின்றுபோன உரையாடலை, முப்பது வருடத்துக்கு மேல் கழித்து மூன்றாவது ஆள் தொடர வேண்டியிருந்தது.

அது எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்கிறேன். மாண்டல்பிராட் அப்போது வருமானப் பகிர்வைப் பற்றி ஆய்ந்துகொண்டிருந்தார். யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற வரைபடத்தில் வால் நீளமாக இருக்கும். மிகப் பெரிய செல்வந்தர்கள், சாதாரணக் கணிப்பு சொல்வதைவிட அதிகம். அதைப் பற்றிப் பேச ஹார்வர்டு போனார். ஹெண்ட்ரிக் ஹவுதாக்கர் என்ற பொருளியலாளரின் அறையில் நுழைந்தால், பலகையில் தன்னுடைய வரைபடமே வரைந்து கிடக்கிறது. நான் பேசவிருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஹவுதாக்கருக்கு ஒன்றும் புரியவில்லை. அது பருத்தி விலையின் வரைபடம். சூத்திரத்துக்குள் வராமல் முரண்டு பிடித்ததால் அவர் அதைக் கைவிடும் நிலையில் இருந்தார். மாண்டல்பிராட் அந்த விலைகள் பதிந்த துளை அட்டைகளை வாங்கிக்கொண்டு ஐபிஎம்முக்குத் திரும்பினார். ஒரு நூற்றாண்டுக்கும் அதிகமான பருத்தி விலைகளை ஆராய்ந்து 1963-ல் வெளியிட்டார்: பெரிய தாவல்கள், அன்றைய கோட்பாடு அனுமதித்ததைவிட மிக அதிகமாக நடக்கின்றன, ஒரு நாளின் மாற்றமும் ஒரு மாதத்தின் மாற்றமும் ஒரே சாயலில் இருக்கின்றன.

பொருளியல் துறை இதை வரவேற்கவில்லை என்பதே சரி. அவர் சொல்வது உண்மையானால் தங்கள் கையில் இருக்கும் புள்ளியியல் கருவிகளில் பெரும்பாலானவை வீணாகிவிடும் என்று எம்.ஐ.டி.யின் பால் கூட்னர் வெளிப்படையாகவே எழுதினார். 1970-களில், பெரும்பாலான மாற்றங்கள் சராசரியை ஒட்டியே இருக்கும், பெரிய தாவல்கள் மிக அரிது என்று சொல்லும் பழைய மணி வடிவக் கோட்டின் மேலேயே புதிய நிதிக் கணக்குகள் எழும்பின. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அந்தக் கோட்டின்படி இந்தப் பிரபஞ்சத்தின் ஆயுளிலேயே நடந்திருக்கக் கூடாத வீழ்ச்சி.

இவ்வளவுக்கும் அவரைத் தாங்கிப் பிடித்தது எது? தனி மனிதர்கள் சிலர், அப்புறம் ஒரு நிறுவனம். பட்டம் வாங்கியதும் 1953-ல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு மையத்துக்கு அவரை வரவழைத்தவர் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன். சில வருடங்களில் நாய்மன் புற்றுநோயில் இறந்தார். இந்தப் பையன் எடுத்திருப்பது ஆபத்தான பாதை, அவனுக்கு ஏதாவது தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ராக்பெல்லர் அறக்கட்டளையின் வாரன் வீவரிடம் அவர் சொல்லிவைத்திருந்தது, பின்னாளில்தான் மாண்டல்பிராட்டுக்குத் தெரியவந்தது. குழுவில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியை என்னால் காட்ட முடியாது.

1958-ல் ஐபிஎம் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு துறைப் பெயரும் தேவைப்படவில்லை. தொலைபேசிக் கம்பியில் தரவு அனுப்பும்போது இரைச்சலால் வரும் பிழைகளைப் பார்க்கச் சொன்னார்கள். பிழைகள் கொத்துக் கொத்தாக வந்தன. ஒவ்வொரு கொத்துக்குள்ளும் பிழையே இல்லாத இடைவெளிகள். அதற்குள் இருக்கும் சிறு கொத்துகளுக்குள்ளும் அதே அமைப்பு. 19-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் கேண்டர் உருவாக்கிய, நடைமுறைக்கு ஆகாது என்று நினைக்கப்பட்ட ஒரு கணத்தின் (எண்களின் தொகுப்பின்) உருவம் அது. தூய கணிதத்தின் ஒரு விநோதம் தொலைபேசிக் கம்பிக்குள் உட்கார்ந்திருந்ததைக் காண, இரண்டையும் அறிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டியிருந்தது.

அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கணமும் அப்படித்தான் வந்தது. ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் தொடங்கி, இருப்பதை வர்க்கப்படுத்தி அந்த எண்ணைக் கூட்டுங்கள். வருவதை மறுபடி வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 1-ஐ எடுத்தால் 0, 1, 2, 5, 26 என்று எகிறிப் போகும். −1-ஐ எடுத்தால் 0, −1, 0, −1 என்று அங்கேயே நிற்கும். எகிறாமல் நிற்கும் கலப்பெண்களை (தளத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கக்கூடிய, இரண்டு பகுதிகள் கொண்ட எண்களை) எல்லாம் ஒரு தளத்தில் புள்ளி வைத்தால் கிடைப்பது மாண்டல்பிராட் கணம். ஜூலியா, ஃபாத்து என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் இருவரும் முதல் உலகப் போர்க் காலத்தில் இத்தகைய கணக்குகளை ஆய்ந்தார்கள்; படம் போடக் கருவி இல்லை. 1980-ல் மாண்டல்பிராட்டிடம் இருந்தது. மங்கலான அச்சுத்தாளில் பெரிய உருவத்தைச் சுற்றித் தூசு மாதிரிச் சில துகள்கள் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு துகளும் அந்தப் பெரிய உருவத்தின் சிறு வடிவம். இவை எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை என்று அட்ரியன் துவாடியும் ஜான் ஹப்பர்டும் நிறுவினார்கள்.

உங்கள் ஆட்சேபம் எனக்குத் தெரியும். எல்லைகளை மீறுகிறேன் என்று வருபவர்களில் பலருக்கு எந்தத் துறையிலும் அடிப்படை இருக்காது. தரத்தைக் காக்கும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. மாண்டல்பிராட்டின் மீதே நியாயமான குறைகள் உண்டு. உரிமை கோருவதில் அவர் தாராளமாக நடந்துகொண்டவர் இல்லை. அந்தக் கணத்தின் ஒரு முரட்டுப் படத்தை 1978-லேயே புரூக்ஸ், மாட்டெல்ஸ்கி என்ற இருவர் போட்டிருந்தார்கள். 1989-ல் ஸ்டீவன் கிரான்ட்ஸ் என்ற கணிதவியலாளர், படங்கள் நிறைய இருக்கின்றன, கணிதம் குறைவாக இருக்கிறது என்று கடுமையாகவே எழுதினார். தேற்றத்தை மட்டும் எண்ணினால் மாண்டல்பிராட்டின் கணக்கு அப்படியொன்றும் பெரிதில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு துகளின் தாறுமாறான நடையை வரைந்து, அதன் வெளி விளிம்பை மட்டும் பார்த்து, அதன் பரிமாணம் 4/3 இருக்கும் என்று மாண்டல்பிராட் 1982-ல் ஊகித்தார். கண்ணால் பார்த்துச் சொன்ன ஊகம். 2000-ல் லாலர், ஷ்ராம், வெர்னர் மூவரும் அதை நிறுவினார்கள். அந்த வழியில் செய்த பணிகளுக்காக வெண்டெலின் வெர்னருக்கு 2006-ல், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. நிறுவுவதற்கு ஆள் வேண்டும். நிறுவத் தகுந்ததைக் கண்டு சொல்லவும் ஆள் வேண்டும். இரண்டாவது வகைக்கு உங்கள் மதிப்பெண் அட்டவணையில் இடமே இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் கேட்பது விதிகளைத் தூக்கி எறியச் சொல்லி இல்லை. இருக்கும் விதிகளுக்குள்ளேயே செய்யக்கூடியவைதான். இணை நெறியாளர் வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. அது பெரும்பாலும் நெறியாளர் ஓய்வுபெறப் போகும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. இரண்டு துறைக்கு நடுவில் விழும் தலைப்பு வந்தால் இரண்டு துறையிலிருந்தும் ஒவ்வொரு நெறியாளரைப் போடுங்கள். குழு கூடும்போது முதலில் மாணவரிடம் கேள்வி என்ன, தரவு எங்கிருந்து வருகிறது, எந்தக் கருவியால் அளக்கப் போகிறாய் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் இல்லாதவரைத் திருப்பி அனுப்புங்கள், தவறே இல்லை. பதில் இருப்பவரிடம் துறையின் பெயரைக் கடைசியில் கேளுங்கள். ஆய்வேட்டை வெளியே மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பேரில் ஒருவராவது அந்த இன்னொரு துறையின் ஆளாக இருக்கட்டும். லெவி மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்பவர்களின் கையில் ஒருவரின் இருபது வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர் நியமனத்தில் இது இன்னும் கடினம், தெரியும். முதுநிலைப் பட்டம் உரிய பாடத்திலா, சார்ந்த பாடத்திலா என்ற கேள்வி வரும்போது, எது சார்ந்தது என்று முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள்தான். கணிதத்தில் பட்டம் பெற்றவர் நீரியல் இதழிலோ மருத்துவ இதழிலோ எழுதிய கட்டுரையைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வழக்கத்தை நீங்கள் நினைத்தால் ஒரு கூட்டத்தில் மாற்ற முடியும்.

மாண்டல்பிராட் 2010 அக்டோபர் 14 அன்று மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் காலமானார். அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஐபிஎம், 1990-களின் தொடக்கத்தில் அத்தகைய அடிப்படை ஆராய்ச்சியைப் பெருமளவு குறைத்துக்கொண்டது. 1993-ல் அவரும் வெளியேறினார். அதுபோன்ற ஆய்வகங்கள் இன்று அரிதாகிவிட்டன. ஆகவே இப்படிப்பட்டவர்களுக்கு மிஞ்சியிருப்பது பல்கலைக்கழகம் ஒன்றுதான், அதன் வாசலில் இருப்பது நீங்கள். இந்தக் கல்வியாண்டின் பதிவுக் கூட்டங்களில், "துறைக்குப் பொருந்தாது" என்ற குறிப்போடு ஒதுக்கி வைக்கப்பட்ட விண்ணப்பங்களை மட்டும் தனியாக எடுத்து, விண்ணப்பித்தவர்களை நேரில் அழைத்து, தலைக்கு அரை மணி நேரம் பேசவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்